மானைத் துரத்தியவர் கூலிக்கு உழைத்தார்

பல்கு நாட்டு இப்றாஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்களின் பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் இல்லம் நம் தமிழகத்தில் அரிது. அரியணையைத் துறந்த அரசர் என்று பயான் மேடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் அன்னாரைப் பற்றிச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த வரலாறு பெரும்பாலும் காட்டோடு நின்று விடுகிறது. வேட்டைக்குப் போனார்கள், அசரீரி கேட்டார்கள், செல்வத்தைத் துறந்தார்கள் என்பதோடு முடித்துக் கொள்கிறோம். அதற்குப் பிறகு அன்னார் எதை உண்டு வாழ்ந்தார்கள், அந்த உணவு எந்த வழியில் வந்தது என்று நாம் கேட்பதில்லை. உழைத்து உண்ணும் நம் போன்றவர்களுக்கு அந்தப் பிற்பகுதியில்தான் பெரிய பாடம் இருக்கிறது.

அபூ இஸ்ஹாக் என்ற புனைபெயர் கொண்ட அன்னார், ஹிஜ்ரி 100ஐ ஒட்டி, குராஸான் பிரதேசத்தைச் சேர்ந்த ஓர் அரபுக் குடும்பத்தில் தோன்றினார்கள். பல்கு இன்று ஆப்கானிஸ்தானின் வடபகுதியில் இருக்கிறது. அன்னார் மன்னராகவே ஆண்டார்கள் என்று பிற்கால நூல்கள் கூறும். அரச பரம்பரையில் வந்த செல்வச் சீமான் என்பது முந்தைய நூல்களின் கூற்று. எப்படியாயினும் குதிரை, ஏவலாட்கள், பொன், பட்டு எதற்கும் குறைவில்லாத வாழ்வு.

ஒரு நாள் குதிரையேறி வேட்டைக்குப் புறப்பட்டார்கள். எதிர்ப்பட்ட பிராணி நரி அல்லது முயல் என்று இமாம் குஷைரி (ரஹ்) அவர்களின் நூல் சொல்கிறது. மான் என்று ஃபரீதுத்தீன் அத்தார் (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். அந்த மானைத் துரத்தி, கூட வந்தவர்களை விட்டு வெகுதூரம் விலகிவிட்ட நேரத்தில், இதற்காகத்தானா நீர் படைக்கப்பட்டீர் என்ற கருத்தில் ஒரு குரல் கேட்டது. அந்த மானே பேசியதாகவும், தன்னை வேட்டையாட வந்தவரை வேட்டையாடவே தான் அனுப்பப்பட்டதாக அது அறிவித்ததாகவும் அத்தார் (ரஹ்) அவர்களின் வருணனை அமைந்துள்ளது. அதே கேள்வி மறுபடியும் சேணத்தின் முகப்பிலிருந்து கேட்டதாம். அன்னார் குதிரையை நிறுத்திக் கீழே இறங்கினார்கள்.

அப்படியானால் வேட்டை ஹராமா என்று சிலர் வினவலாம். அல்ல. அல்லாஹ்வின் திருநாமம் கூறி, உணவுக்காக வேட்டையாட அல்மாயிதா அத்தியாயம் அனுமதி அளிக்கிறது. இஹ்ராமில் இருப்பவருக்கு மட்டும் தரைவாழ் பிராணிகளை வேட்டையாடுவதை அதே அத்தியாயம் தடுக்கிறது. தேவையின்றி வெறும் பொழுதுபோக்குக்காக உயிரைப் பறிப்பதையே மார்க்கம் வெறுக்கிறது. உயிருள்ள பிராணியைக் குறிபார்க்கும் இலக்காக வைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஜவ்வாது மலைப் பக்கம் போகும் இளைஞர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இறங்கிய அன்னார், தம் குடும்பத்து ஆடுகளையே மேய்த்துக் கொண்டிருந்த ஓர் இடையரைக் கண்டார்கள். பொற்சரிகை வேய்ந்த தம் ஆடையைக் களைந்து அவரிடம் கொடுத்து, அவருடைய முரட்டுக் கம்பளி உடையை வாங்கி அணிந்து கொண்டார்கள். குதிரையையும் கொடுத்துவிட்டுக் கால்நடையாகவே புறப்பட்டார்கள்.

மக்காவில் ஸுஃப்யான் ஸவ்ரீ (ரஹ்), ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) ஆகியோரின் தோழமை அன்னாருக்குக் கிடைத்தது. ஹதீஸ் அறிவிப்பாளராகவும் விளங்கினார்கள். நம்பகமானவர் என்று இமாம் நஸாயீ (ரஹ்) அவர்கள் சான்று பகர்ந்துள்ளார்கள். பிறகு ஷாம் தேசம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே போனதற்குக் காரணம், ஐயமற்ற ஹலாலான உணவைத் தேடியதுதான்.

அல்லாஹ்வுக்காகத் துறந்தவர் என்று சொல்லிக் கொண்டு அன்னார் யாருடைய வாசலிலும் கையேந்தி நிற்கவில்லை. அறுவடைக் காலத்தில் கூலிக்குக் கதிர் அறுத்தார்கள். மாவு அரைத்தார்கள். தோட்டங்களுக்குக் காவல் இருந்தார்கள். கிடைத்த கூலியில் தோழர்களுக்கும் உணவளித்தார்கள். ஒரு தோட்டத்தில் காவலிருந்தபோது, உரிமையாளர் இனிப்பு மாதுளை கேட்க, அன்னார் கொண்டுவந்தது புளித்துக் கிடந்தது. இத்தனை நாள் இங்கிருந்தும் எது இனிப்பு எது புளிப்பு என்று தெரியாதா என்று அவர் கடிந்து கொண்டார். காக்கத்தான் அமர்த்தினீர்கள், உண்ண அல்ல என்ற பொருளில் அன்னார் விடையளித்தார்கள். ஒரு கனியைக்கூட அன்னார் சுவைத்துப் பார்த்திருக்கவில்லை!

உண்பதைத் தூய்மையாக்கிக் கொள்வது, இரவெல்லாம் நஃபில் தொழுவதையும் பகலெல்லாம் நஃபில் நோன்பிருப்பதையும் விட முந்தியது என்பதே அன்னாரின் போதனையின் சாரம்.

கண்ணியமிக்க வாசகர்களே! கமண்டல நாக நதிக்கரையிலுள்ள நம் ஆரணியில் பட்டை நம்பி அடுப்பெரியும் வீடுகள் ஆயிரம் உண்டு. பட்டாடை ஆண்களுக்கு ஹராம், பெண்களுக்கு ஆகுமானது. ஆகவே பெண்கள் உடுத்தும் சேலையை நெய்வதும் விற்பதும் ஹலாலான தொழிலே. ஆனால் தொழில் ஹலாலாக இருப்பதால் மட்டும் வருவாய் ஹலாலாகி விடாது. அசல் சரிகை என்பது பட்டு நூல்மீது வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. செம்புச் சரிகையைப் போட்டு அதை அசல் என்று சொல்லி விற்றால், விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று சொல்லி விற்றால், அந்தக் காசு எப்படித் தூய்மையாகும்? செம்புச் சரிகையைச் செம்புச் சரிகை என்று சொல்லி விற்பதில் தடையில்லை. மறைப்பதுதான் பாவம். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்பது அண்ணலாரின் எச்சரிக்கை அல்லவா?

முதலாளி கொடுத்த பாவிலும் சரிகையிலும் மிச்சம் பிடித்துச் சொல்லாமல் வைத்துக் கொள்பவர் அந்த மாதுளைத் தோட்டத்தை நினைக்கட்டும். நெய்து கொடுத்த சேலைக்குக் கூலியை இன்று நாளை என்று இழுத்தடிப்பவரும் நினைக்கட்டும். வியர்வை உலர்வதற்குள் கூலி போய்ச் சேரவேண்டும் என்பது நம் மார்க்கத்தின் கட்டளை. குழித்தறியில் உட்கார்ந்து கால் வலிக்க மிதிப்பவர் எந்தச் சமயத்தவராயினும் இந்த உரிமையில் வேற்றுமை இல்லை.

அன்னார் ஹிஜ்ரி 161 அல்லது 162இல், ரோமர்களை எதிர்த்துச் சென்ற கடற்படைப் பயணத்தின்போது மறைந்ததாக வரலாறு கூறுகிறது. சிரியாவின் கடற்கரை ஊரான ஜப்லாவில் அன்னாரின் அடக்கத்தலமும் பள்ளிவாசலும் உள்ளன. அஜ்மீர் காஜா முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்களின் ஆன்மிக ஸில்ஸிலாவிலும் அன்னாரின் பெயர் இடம்பெற்றிருக்கிறது.

பொற்சரிகை ஆடையைக் களைந்தெறிய நம்மில் எவரிடமும் அரசு இல்லை. ஆனால் இன்று நம் தட்டில் விழும் சோறு எந்த வழியில் வந்தது என்று கேட்டுக்கொள்ள எல்லோராலும் முடியும். வல்ல நாயன் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஜ்கை விசாலமாக்கித் தருவானாக! ஆமீன்.