மணல்வெளியைக் காடாக்கிய எட்மண்ட் சாவிட்ஸ்

கனடாவின் டொரண்டோ நகருக்கு வடக்கே, தமிழர்கள் பெருமளவில் வாழும் மார்க்கம் நகரைத் தாண்டிச் சென்றால், யார்க் பிராந்தியக் காடுகளை அடையலாம். நெடிதுயர்ந்த பைன் மரங்கள் நிற்கும் இந்நிலத்தின் பெரும்பகுதி, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் காற்றில் பறக்கும் மணல்வெளியாக இருந்தது. அதை மாற்றிய முயற்சியின் மூலவர் எட்மண்ட் சாவிட்ஸ்.

1875ஆம் ஆண்டு தெற்கு ஒன்டாரியோவில் பிறந்த சாவிட்ஸ், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்றார். 1905இல் குவெல்ஃப் வேளாண் கல்லூரியில் ஆசிரியரானார்.

ஐரோப்பியக் குடியேறிகள் விவசாயத்துக்காகவும் மரத்துக்காகவும் காடுகளை அழித்திருந்த காலம் அது. சில பத்தாண்டுகளிலேயே மேல்மண் அகன்று, மணல் மேலெழுந்தது. வசந்த காலத்தில் வெள்ளம் பெருகியது. கோடையில் ஓடைகள் வற்றின. விவசாயிகள் நிலங்களைக் கைவிட்டு வெளியேறினர்.

இத்தரிசு நிலங்களில் மீண்டும் காடு வளர்க்க முடியும் என்பதை சாவிட்ஸ் தமது ஆய்வறிக்கையில் விளக்கினார். 1908இல் செயின்ட் வில்லியம்ஸில் அரசு நாற்றங்கால் அமைந்தது. 1912இல் அவர் மாகாணத்தின் தலைமை வன அதிகாரியானார்.

எனினும், அறிக்கை சட்டமாவதற்கு அரசியல் மாற்றம் தேவைப்பட்டது. 1919 தேர்தலுக்குப் பின்னர் விவசாயிகள் கட்சியின் எர்னஸ்ட் ட்ரூரி மாகாண முதல்வரானார். 1921இல் நிறைவேறிய சட்டத்தின்படி, உள்ளூராட்சிகள் நிலத்தை வாங்கின. மாகாண அரசு மரம் நட்டுப் பராமரித்தது. 1922இல் சிம்கோவிலும் 1924இல் யார்க்கிலும் பணிகள் தொடங்கின.

வறண்ட மணலைத் தாங்கும் சிவப்பு பைன் மரங்களே வரிசை வரிசையாக நடப்பட்டன. அது மரத்தோட்டம்தான், முழுமையான காடு அல்ல. ஆனால் பைன்களின் நிழலில் மண் வளம்பெற்றது. இப்போது குறிப்பிட்ட கால இடைவெளிகளில் பைன்கள் அளவாக வெட்டப்பட, இடைவெளிகளில் மேப்பிள், ஓக் போன்ற மரங்கள் எழுகின்றன. ஒரேயடியாக வெட்டப்படும் தோட்டத்தைவிட, பலவகை மரங்கள் கொண்ட நிலையான காடே கரியமில வாயுவை மரத்திலும் மண்ணிலும் நீண்டகாலம் தேக்கி வைக்கும். பூச்சி, நோய்த் தாக்குதலில் முழுவதுமாக அழியும் அபாயமும் அதில் குறைவு.

சாவிட்ஸ் 1968இல் காலமானார். 1982இல் மாகாணத்தில் நூறு கோடியாவது மரம் நடப்பட்டது. ஆனால் 1990களில் அரசு நாற்றங்கால்கள் கைவிடப்பட்டன. 2019இல் ஐந்து கோடி மரங்கள் நடும் திட்டத்துக்கான நிதியை மாகாண அரசு நிறுத்த, மத்திய அரசு முன்வந்து அதைக் காப்பாற்றியது.

ஓர் அரசின் ஆயுள் நான்கு ஆண்டுகள். ஒரு பைன் தோட்டம் காடாவதற்கு நூறு ஆண்டுகள் வேண்டும். நிலத்தைப் பொதுவுடைமையாக்கி, அதைச் சட்டத்தால் பிணைத்ததே சாவிட்ஸ் முயற்சியின் வெற்றி. காடுகளைக் கரிமச் சேமிப்பாகக் கருதும் இன்றைய அரசுகள் மரங்களை எண்ணுகின்றன. அம்மரங்கள் நிலைத்து நிற்பதற்கான உத்தரவாதத்தை யார் அளிப்பது என்பதே எஞ்சியிருக்கும் கேள்வி.