சிகரத்திலிருந்து இறங்கிய பிறகு ஹில்லரி என்ன செய்தார்?

எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலில் கால் பதித்தவர்கள் யார் என்று கேட்டால், எட்மண்ட் ஹில்லரி, டென்சிங் நோர்கே என்று மாணவர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஜொகூர் பாருவில் நான் நடத்தும் வாசிப்பு வகுப்பில் அதற்கு அடுத்த கேள்வியையும் கேட்பதுண்டு. இறங்கி வந்த பிறகு ஹில்லரி என்ன செய்தார்? வகுப்பு அமைதியாகிவிடும்.

இறங்கி வந்த பிறகு அவர் 54 ஆண்டுகள் வாழ்ந்தார். ஏறிய கதையைவிட அந்த 54 ஆண்டுகளின் கதைதான் இன்றைய மாணவர்களுக்குத் தேவை என்பது என் எண்ணம்.

தேனீ வளர்த்தவர்

1919ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஹில்லரி பிறந்தார். அப்பா தேனீ வளர்ப்பவர். கூச்ச சுபாவம் கொண்ட பையனாக ஹில்லரி வளர்ந்தார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் விட்டுவிட்டு, அப்பாவுக்குத் துணையாகத் தேன் கூடுகளைச் சுமந்தார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மலை ஏறினார்.

1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், 8,848 மீட்டர் உயரத்தில் டென்சிங்கும் அவரும் நின்றார்கள். உலகமே கொண்டாடியது. பிரிட்டிஷ் அரசு அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தது. வாழ்நாள் முழுதும் அந்தப் புகழிலேயே அவர் காலம் தள்ளியிருக்கலாம்.

ஆனால் அவர் மனம் நேப்பாளத்திலேயே இருந்தது. பரப்பளவில் மலேசியாவில் பாதிகூட இல்லாத மலைநாடு அது. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் உழைப்பவர்களாகவும், அடுக்குமாடி வாசல்களில் பாதுகாவலர்களாகவும் நாம் தினமும் பார்க்கும் பலரின் தாயகம். எவரெஸ்ட்டின் அடிவாரத்தில் வாழும் ஷெர்பா மக்கள் மலையேறிகளின் சுமைகளைத் தூக்கிச் சென்றார்கள். அவர்களின் உயிரையும் காத்தார்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் படிக்கப் பள்ளி இல்லை. நோய் வந்தால் பார்க்க மருத்துவர் இல்லை.

முதலில் கேட்டார்

1960ஆம் ஆண்டு ஹில்லரி மீண்டும் ஓர் ஆய்வுக் குழுவுடன் இமயமலைக்குப் போனார். அந்தப் பயணத்தின்போது ஷெர்பா நண்பர்களுடன் தீ மூட்டிக் குளிர்காய்ந்தபடி, உங்கள் மக்களுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பணமோ பொருளோ கேட்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அவர்கள் கேட்டது பள்ளிக்கூடம். எங்கள் பிள்ளைகளுக்குக் கண் இருந்தும் பார்வை இல்லை என்பது அவர்கள் சொன்னதன் பொருள். திருக்குறள் படித்த நமக்கு இந்தக் கருத்து புதிதல்ல.

1961ஆம் ஆண்டு கும்ஜூங் கிராமத்தில் அந்தப் பள்ளி எழுந்தது. அது இருக்கும் உயரம் சுமார் 3,790 மீட்டர். நம் ஜொகூரின் லேடாங் மலை 1,276 மீட்டர். ஏறக்குறைய மூன்று லேடாங் மலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய உயரத்தில் ஒரு வகுப்பறை! கட்டடத்துக்கான அலுமினியத் தகடுகளை இந்தியாவின் அலுமினிய நிறுவனம் ஒன்று நன்கொடையாகத் தந்தது. பாடம் சொல்லித்தர டார்ஜிலிங்கிலிருந்து ஷெர்பா ஆசிரியர் ஒருவர் வந்தார்.

செய்தி பரவியதும் மற்றக் கிராமத்தார் எங்களுக்கும் பள்ளி வேண்டும் என்று மனுவோடு வந்தார்கள். ஹில்லரி 'ஹிமாலயன் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை மூலம் உலகம் முழுதும் போய் நிதி திரட்டினார். நியூசிலாந்திலிருந்து தச்சர்களும் கட்டுமானம் தெரிந்தவர்களும் மருத்துவர்களும் தன்னார்வலர்களாக வந்தார்கள். கிராமத்தார் உழைப்பைக் கொடுத்தார்கள். நம் கம்பத்தில் நடக்கும் கோத்தோங் ரோயோங் போலத்தான். வந்தவர்களிடம் கைத்தொழில் இருந்தது. ஊராரிடம் அந்த மண்ணைப் பற்றிய அறிவு இருந்தது.

லுக்லா விமானத் தளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மருத்துவமனைக்கான பொருள்களைக் கொண்டுவர 1964ஆம் ஆண்டு ஓடுபாதை அமைக்க வேண்டியிருந்தது. ஹில்லரி முதலில் நாடியது சமவெளி வயல்களை. விவசாயிகள் தங்கள் விளைநிலத்தைத் தர விரும்பவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. மலைச்சரிவில் இருந்த லுக்லாவுக்கு மாறினார். மண்ணை இறுக்க இயந்திரம் இல்லை. ஷெர்பாக்கள் கைகோத்து வரிசையாக நின்று, கால்களை ஓங்கி மிதித்து நடனமாடியே தரையைக் கெட்டிப்படுத்தினார்கள்.

1966ஆம் ஆண்டு குண்டே கிராமத்தில் மருத்துவமனை திறந்தது. உணவில் அயோடின் குறைவால் அங்கே பலருக்குக் கழுத்துக் கழலை இருந்தது. குழந்தைகள் மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்தார்கள். நியூசிலாந்து, கனடா மருத்துவர்கள் முறை வைத்து வந்து தங்கிச் சிகிச்சை அளித்தார்கள். அயோடின் கொடுக்கத் தொடங்கியபின் அந்தக் குறைபாடு வெகுவாகக் குறைந்தது.

இழப்பும் பொறுப்பும்

நல்ல நோக்கத்தோடு செய்வதெல்லாம் நல்லதாகவே முடிவதில்லை. லுக்லா ஓடுபாதை சுற்றுப்பயணிகளையும் கொண்டுவந்தது. அவர்களுக்குச் சமைக்கவும் குளிர்காயவும் மரங்கள் வெட்டப்பட்டன. காடு அழிவதைக் கண்ட ஹில்லரி, அப்பகுதியைத் தேசியப் பூங்காவாக்க முன்னின்றவர்களில் ஒருவரானார். 1976ஆம் ஆண்டு சாகர்மாதா தேசியப் பூங்கா உருவானது. அவருடைய அறக்கட்டளை நாற்றங்கால் அமைத்து மரக்கன்றுகளை நட்டது.

அதற்கு ஓராண்டு முன்பு, 1975ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், அவர் வாழ்வில் இடி விழுந்தது. பாப்லு என்ற ஊரில் இரண்டாவது மருத்துவமனையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவரைக் காணப் புறப்பட்ட மனைவி லூயிஸும் 16 வயது மகள் பெலிண்டாவும் காட்மாண்டு அருகே விமான விபத்தில் இறந்தார்கள். நீண்ட காலம் அவர் அந்தத் துயரத்திலிருந்து மீளவில்லை. இருந்தும் மருத்துவமனை முடிக்கப்பட்டது. நேப்பாளத்தை அவர் கைவிடவில்லை.

காலப்போக்கில் அறக்கட்டளையின் துணையோடு இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் எழுந்தன. 2003ஆம் ஆண்டு நேப்பாளம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை அளித்தது. 2008ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், 88ஆம் வயதில், ஆக்லாந்தில் ஹில்லரி மறைந்தார்.

யார் தொடர்ந்தார்கள்?

நான் மாணவர்களிடம் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். கும்ஜூங் பள்ளியின் தொடக்க கால மாணவர்களில் ஒருவரான மிங்மா நோர்பு ஷெர்பா, தேசியப் பூங்காவின் முதல் ஷெர்பா காப்பாளரானார். அதே பள்ளியில் படித்த காமி தெம்பா, குண்டே மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்து, பின்னர் பீஜித் தீவில் மருத்துவம் படித்துத் திரும்பி, அதே மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். வெளிநாட்டு மருத்துவர்கள் வந்து போக வேண்டிய தேவை முடிந்தது. தன்னார்வலர் இல்லாமலே ஊர் நடக்கத் தொடங்கினால், அவர் வேலை வெற்றி பெற்றது என்று பொருள்.

புறப்பாட நடவடிக்கை மதிப்பெண்ணுக்காக நாமும் சமூகத் தொண்டு செய்கிறோம். நான் அறிந்த ஓர் இல்லத்தில் ஒரே சுவருக்கு ஓராண்டில் மூன்று குழுக்கள் வந்து சாயம் பூசின. அங்கிருந்த பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது வாரம் ஒருமுறை கணிதம் சொல்லித்தர ஓர் அண்ணனோ அக்காவோ. அதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் நம் மலேசியத் தமிழர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட்டைத் தொட்டு, நாட்டுக்கே பெருமை சேர்த்தார்கள். அவர்களைப் போல எல்லாராலும் ஏற முடியாது. ஆனால் பொலிடெக்னிக்கில் மின்னியல் படிப்பவர், தாதிமைப் பயிற்சியில் இருப்பவர், ஆறாம் படிவத்தில் கணிதத்தில் கெட்டிக்காரர் என ஒவ்வொருவரிடமும் ஒரு திறன் இருக்கிறது. அடுத்த முறை தொண்டு செய்யக் கிளம்பும்போது, சாய வாளியை வாங்கும் முன் அங்குள்ளவர்களிடம் கேளுங்கள்: உங்களுக்கு என்ன வேண்டும்?