அலை அடங்கும் வரை காத்திருக்கவில்லை... 'புளூபேர்ட்' டொனால்ட் கேம்ப்பெல்லுக்கு என்ன நடந்தது?

1967 ஜனவரி 4, காலை. இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. டொனால்ட் கேம்ப்பெல் இரண்டு மாதமாகக் காத்திருந்தது இப்படியொரு தண்ணீருக்குத்தான். மழை, காற்று, இன்ஜின் கோளாறு எனத் தள்ளிக்கொண்டே போன சாதனை முயற்சி, அன்றைக்குத் தொடங்கியது.

வேகம் அவருக்கு வீட்டுச் சொத்து. அப்பா மால்கம் கேம்ப்பெல் காரிலும் படகிலும் உலக சாதனை படைத்தவர். அவர் 1948-ல் இறந்ததும், மகன் அப்பாவின் பழைய படகையும் மெக்கானிக் லியோ வில்லாவையும் வைத்துக்கொண்டு களமிறங்கினார். 1951-ல் இதே கோனிஸ்டனில், இருவரும் உள்ளே இருக்கும்போதே அந்தப் படகு சேதமாகி மூழ்கியது. இருவரும் தப்பினார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு சாதனை வீரர் ஜான் காப், ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் படகு சிதறி இறந்தார். ஆபத்து தெரியாமல் இறங்கியவர் இல்லை கேம்ப்பெல்.

பிறகு வந்ததுதான் ஜெட் இன்ஜின் பொருத்திய 'புளூபேர்ட் கே7'. 1955-ல் மணிக்கு 202 மைல், அதாவது சுமார் 325 கி.மீ. 1964-ல் ஆஸ்திரேலியாவில் 276 மைல். மொத்தம் 7 உலக சாதனைகள். அதே 1964-ல் தரையில் காரிலும் 403 மைல். ஒரே ஆண்டில் நிலம், நீர் இரண்டிலும் சாதனை படைத்தவர் இன்றுவரை இவர் மட்டும்தான். (பச்சை நிறம் என்றால் ஆகவே ஆகாது, அந்த அளவுக்கு சகுனம் பார்ப்பவர் என்பது தனிக்கதை.)

அடுத்த இலக்கு 300 மைல். இதற்காக 'நாட்' போர் விமானத்தின் இன்ஜினைப் படகில் மாட்டினார்கள். ஆமாம், 1965 போரில் நம்ம விமானப்படை ஓட்டிய அதே ரக விமானம்!

ஒரு மணி நேரத்துக்குள் எதிரெதிர் திசையில் இரண்டு ஓட்டம், அவற்றின் சராசரிதான் சாதனை. இது விதி. முதல் ஓட்டத்தில் 297 மைலைத் தாண்டிவிட்டார். ஏரி முனையில் நின்று எரிபொருள் நிரப்ப வேண்டும், அதற்குள் படகு கிளப்பிய அலையும் அடங்கிவிடும் என்பது திட்டம். ஏரியில் அலை ஒரே போக்காகப் போய் மறையாது. கரையில் மோதித் திரும்பி வரும். கேம்ப்பெல் நிற்கவில்லை. உடனே படகைத் திருப்பினார்.

320 மைல் வேகத்தைத் தாண்டியபோது படகு குலுங்கத் தொடங்கியது. இந்த ரகப் படகு முழு வேகத்தில் தண்ணீரை லேசாகத்தான் தொட்டுக்கொண்டு போகும். மூக்கு கொஞ்சம் தூக்கினாலும் போதும், அடியில் புகும் காற்று அப்படியே மேலே தூக்கிவிடும். தூக்கியது. அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்து, தண்ணீரில் மோதி உடைந்தது. அவருக்கு வயது 45.

அந்த அலை மட்டும்தான் காரணமா? எரிபொருள் குறைந்து படகு லேசானதா, கடைசி நொடியில் இன்ஜின் நின்றதா என நிபுணர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். ஆனா, காத்திருந்திருந்தால் முதல் சந்தேகத்துக்கே இடமிருந்திருக்காது.

அவர் கூடவே வைத்திருக்கும் கரடி பொம்மை மிதந்து கிடைத்தது. உடல் கிடைக்க 2001 ஆனது. இப்போது கோனிஸ்டன் ஊரிலேயே அவர் கல்லறை இருக்கிறது. அந்த ஏரியில் இன்று சாதாரண மோட்டார் படகுகளுக்கு வேக வரம்பு, மணிக்கு 10 மைல்.