பல கரைகளைத் தொட்ட பண்டிதர்

மே மாதம் வந்துவிட்டால் நம் நீலகிரி மாவட்டத்தில் மலர்க் கண்காட்சியைப் பற்றித்தான் பேச்சு. மலைப்பாதை முழுக்க வெளியூர் வண்டிகள். விடுதிகளில் இடம் கிடைப்பதில்லை. இதே மாதத்தில்தான், இந்த மலையில் வாழ்ந்து இங்கிருந்தே பொதுவாழ்வைத் தொடங்கிய ஒருவரின் பிறந்தநாளும் நினைவுநாளும் வருகின்றன. வண்டியில் வருபவர்களை விடுங்கள், இங்கேயே இருக்கும் நம்மில் பலருக்கும் அது தெரியாது. 1845 மே 20இல் பிறந்து, 1914 மே 5இல் மறைந்த அயோத்திதாசப் பண்டிதர்தான் அவர்.

அவரைப் பற்றிப் படிப்பு வட்டங்களில் நாம் பேசும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் தவறாமல் வருகின்றன. பௌத்தத்தை ஓர் அமெரிக்கர்தானே அவருக்கு எடுத்துக் கொடுத்தார், அதில் பண்டிதரின் சொந்தச் சரக்கு என்ன இருக்கிறது என்பது முதல் கேள்வி. அவரைக் குறைத்துக் காட்ட விரும்புகிறவர்கள் கேட்பது இது. நம் விடுதலையை நாமே தேடிக்கொள்ள வேண்டும், வெளியாரின் உறவு எதற்கு என்பது இரண்டாவது. இதைக் கேட்பவர்கள் நம் பிள்ளைகள்தான். பட்ட காயத்திலிருந்து வரும் கேள்வி என்பதால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இரண்டுக்கும் பண்டிதரின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

பட்லர் வீட்டுச் சுவடிகள்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தாத்தா கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். துரை வீட்டில் சமையலையும் பரிமாறுதலையும் மேற்பார்த்த அந்த மனிதரின் சொந்த வீட்டில் ஓலைச்சுவடிகள் இருந்தன. திருக்குறள் சுவடியைக் கந்தப்பன் தம் துரையிடம் கொடுத்தார் என்றும், அது அவர் வழியாகத் தமிழறிஞரும் அதிகாரியுமான எல்லிஸின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் பண்டிதர் பின்னாளில் பதிவு செய்தார். குறள் முதன்முதலாக அச்சேறியது 1812இல். அந்த அச்சுக்குப் பின்னால் ஒரு பறையர் வீட்டுச் சுவடியும் இருந்தது என்பதைத் தமிழுலகம் நினைவில் வைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

இந்தச் செய்தியில் நாம் கவனிக்க வேண்டியது, பொருள் எந்தத் திசையில் போனது என்பதுதான். வெள்ளைக்காரர் வந்து நமக்குப் படிப்புக் கொடுத்தார் என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம். பண்டிதர் குடும்பத்தின் நினைவில் கொடுத்தவர் பட்லர், வாங்கிக்கொண்டவர் துரை. இரு பண்பாடுகள் சந்திக்கும் இடத்தில் வெறுங்கையோடு நிற்கும் தரப்பு எதுவும் இல்லை என்பது அந்தப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைத்த பாடம்.

காத்தவராயன் தமிழும் சித்த மருத்துவமும் கற்றார். தமக்குக் கற்பித்த வீ. அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். வடமொழியும் பாலியும் ஆங்கிலமும் அறிந்தார். ஆனால் வாழ்நாள் முழுவதும் அவர் எழுதியது தமிழில்தான்.

மலையில் தொடங்கிய பொதுவாழ்வு

அவருடைய குடும்பம் நீலகிரிக்கு வந்தது. அன்றைய நீலகிரி எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்க்கலாம், இன்றும் அதன் தடம் அழியவில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் ஆகியோரின் மலைக்கு 1819க்குப் பிறகு ஆங்கிலேயர் வந்து குடியேறினர். அவர்களுக்குப் பின்னால் சமவெளியிலிருந்தும் மைசூர் பக்கமிருந்தும் மலபாரிலிருந்தும் வேலை தேடிய மக்கள் மேலேறினர். கிறிஸ்தவ மிஷன்கள் பள்ளிகளைத் திறந்தன. ஒரே சந்தையில் ஐந்தாறு மொழிகள் கேட்டன. ஆண்டான் தெரு, அடிமைச் சேரி என்று நூற்றாண்டுகளாக உறைந்துபோன சமவெளிக் கிராமம் போன்றதல்ல இந்தப் புது ஊர். சாதியும் மலையேறி வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு இங்கே பழைய வேர் இல்லை.

இந்த மலையில்தான் 1870களில் அவர் அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லாம் ஒன்றே என்னும் தத்துவத்தைக் கையிலெடுத்து, அப்படியானால் சாதி எங்கிருந்து வந்தது என்று கேட்பது அவருடைய அப்போதைய வழி. அடுத்து, 1880களில் கிறிஸ்தவப் போதகர் ஜான் ரத்தினத்தோடு சேர்ந்து ‘திராவிடப் பாண்டியன்’ இதழில் பணியாற்றினார். ஒருவர் அத்வைதி, மற்றவர் பாதிரியார். சமயம் வேறாக இருந்தும், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒரு பத்திரிகை வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

1891இல் திராவிட மகாஜன சபை தோன்றியது. அதன் மாநாடு அவ்வாண்டு டிசம்பர் 1இல் நீலகிரியில் கூடி, கல்வி, வேலை, சுயமரியாதை ஆகியவற்றுக்கான கோரிக்கைகளைத் தீர்மானங்களாக நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபை கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் போனார். பொதுக் கோயில்கள் எங்களுக்கு ஏன் திறக்கவில்லை என்ற அவருடைய கேள்விக்கு அந்த அவையில் எதிர்ப்புத்தான் கிடைத்தது. எல்லாம் ஒன்று என்று வாயால் சொல்பவர்கள் வாசலில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அங்கே நேரில் கண்டார். அத்வைதத்தின் மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை அதன்பின் நீடிக்கவில்லை. நம் மக்கள் யார், இந்த இழிவுக்கு முன்பு என்னவாக இருந்தார்கள் என்று தேடத் தொடங்கினார்.

கொழும்புப் பயணம்

அந்தத் தேடலின் நடுவில் வந்தவர்தான் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய கர்னல், பிறகு வழக்கறிஞர், 1875இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். 1880இல் இலங்கையில் பௌத்தம் ஏற்றார். அடையாற்றில் தங்கி, 1894 முதல் நம் பிள்ளைகளுக்காகப் பஞ்சமர் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார்.

1898இல் பண்டிதர் ஆல்காட்டிடம் போனபோது, எந்த மதத்தில் சேரலாம் என்று யோசனை கேட்கப் போகவில்லை. எங்கள் முன்னோர் பௌத்தர்கள், சாதியை ஏற்க மறுத்ததாலேயே தாழ்த்தப்பட்டார்கள், எங்கள் பழைய வழிக்குத் திரும்ப உதவ வேண்டும் என்ற முடிவோடு போனார். அந்த முடிவைத் தமிழ் நூல்களிலிருந்தும் நம் மக்களின் வழக்கங்களிலிருந்தும் அவரே எடுத்திருந்தார். ஆல்காட்டிடம் இருந்தவை வேறு: அமைப்பை நடத்திய அனுபவமும், கடல்கடந்த தொடர்புகளும், இலங்கைத் தேரர்களின் நட்பும்.

அவ்வாண்டே பண்டிதரும் ஆசிரியர் பி. கிருஷ்ணசாமியும் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போனார்கள். சிங்களப் பௌத்தத்தின் பெரும் அறிஞரான ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரரிடம் தீட்சை பெற்றார்கள். நம் ஊர்க் கோயில் வாசலில் நிற்கவிடாதவர்களை ஓர் அயல்நாட்டு விகாரை உள்ளே அழைத்து உட்கார வைத்தது. திரும்பி வந்ததும் சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் உருவானது. நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் ஏற்றதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது.

ஆல்காட் எழுதிய பௌத்த வினாவிடை நூல் அப்போது பல நாடுகளில் புகழ்பெற்றிருந்தது. அதைத் தமிழில் பெயர்த்துப் பரப்பியிருந்தால் பண்டிதரின் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. மணிமேகலை, வீரசோழியம், நிகண்டுகள், சித்த மருத்துவ மரபு, தெருவில் நடக்கும் பண்டிகைகள் ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் படித்து ‘புத்தரது ஆதிவேதம்’ எழுதினார். ‘இந்திரர் தேச சரித்திரம்’ எழுதினார். ஐந்து புலன்களை வென்ற புத்தருக்கு இந்திரர் என்று பெயர், அவருடைய தேசமே இந்தியா என்றார். நம் தாய்மார்கள் வேப்பிலையோடு வணங்கும் அம்மன், நோய் தீர்த்த பௌத்தப் பெண்துறவியே என்றார். எள்ளிலிருந்து எண்ணெய் கண்ட நாளே தீபாவளி என்றார். குறளைத் திரிபிடகத்தோடு சேர்த்துத் திரிக்குறள் என்று படித்தார்.

இவற்றில் பல சொல்விளக்கங்களை இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனால் தீண்டத்தகாதவன் என்று மட்டும் வரலாற்றில் எழுதப்பட்ட ஒருவர், அந்த வரலாறு முழுவதையும் தம் தெருவிலிருந்து திருப்பிப் படித்தார். அப்படிப் படிக்க ஆல்காட் சொல்லித் தந்திருக்க முடியாது, அவருக்கு மணிமேகலையும் ஆடி மாதக் கூழும் தெரியாது. சுமங்கல தேரரும் சொல்லித் தந்திருக்க முடியாது. ஆனால் கடல் கடந்த அந்த உறவு இல்லாமல் போயிருந்தால், வீட்டுச் சுவடியில் இருந்த பௌத்தம் ஓர் இயக்கமாகியிருக்குமா என்பதும் சந்தேகமே. முதல் கேள்வியைக் கேட்பவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்.

நான்கு பக்கத் தாளில் ஓர் உலகம்

1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம், விலை பெயரிலேயே இருந்தது. மறு ஆண்டு ‘தமிழன்’ என்று பெயர் மாறியது. அரசியல், மருத்துவம், விவசாயம், இலக்கியம், பெண்கள் நிலை என்று எல்லாம் அதில் இடம்பெற்றன. பண்டிதர் மறையும் வரை அது நிற்கவில்லை.

அந்த இதழைத் தாங்கியவர்கள் யார்? கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் பாறை உடைத்த தொழிலாளர்கள், ரங்கூனுக்குக் கப்பலேறியவர்கள், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனவர்களின் குடும்பங்கள். தங்கவயலின் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும், பெங்களூரிலும், கடல் கடந்தும் சங்கத்தின் கிளைகள் எழுந்தன. ஊரில் இருந்தவரை சேரி என்ற ஒரே முகவரி மட்டும் இருந்தவர்கள், பல மொழி பேசும் மக்களோடு வேலை செய்த இடங்களில்தான் தமிழன் என்ற பெயருடைய தாளைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

சென்னையிலும் பண்டிதரைச் சுற்றி ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. மீனவர் சமூகத்தில் பிறந்த சிங்காரவேலரும், விஞ்ஞானப் பேராசிரியரான லட்சுமி நரசுவும் அன்றைய பௌத்த இயக்கத்தில் இருந்தார்கள். நரசுவுக்குப் பௌத்தம் என்றால் பகுத்தறிவு. பண்டிதருக்கோ அது பகுத்தறிவோடு நம் மக்களின் இழந்த வரலாறும் சேர்ந்தது. இருவருக்கும் கருத்து மோதல் நடந்தது. அந்த மோதல்கள் பண்டிதரை மேலும் மேலும் எழுத வைத்தன என்பதை அவருடைய எழுத்துகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் உணரலாம்.

உறவு நின்ற இடம்

நம் முன்னோடி என்பதற்காக ஒன்றை மறைக்கக் கூடாது. அமெரிக்கரோடும் சிங்களத் தேரரோடும் கைகோத்த பண்டிதர், பக்கத்துத் தெருவில் இருந்த சில சமூகங்களோடு அப்படிக் கைகோக்கவில்லை. தம் மக்கள் வஞ்சகத்தால் தாழ்த்தப்பட்ட பூர்வ பௌத்தர்கள் என்று நிறுவும் வேகத்தில், அருந்ததியர், குறவர் போன்றோரை வேறாகப் பிரித்து, தாழ்வாக எழுதினார். அருந்ததியர் சமூகத்திலிருந்து எழுதும் தோழர்கள் இதைக் கேள்விக்கு உட்படுத்தியது நியாயமானது. அந்தத் தெருக்களின் பாட்டையும் கைத்தொழிலையும் வரலாற்றையும் அவர் உட்கார்ந்து கேட்டிருந்தால், அவருடைய சாதிபேதமற்ற திராவிடர் என்னும் கனவு இன்னும் விரிந்திருக்கும். அவர் பழகிய இடங்களில் எல்லாம் சிந்தனை புதிதாகப் பிறந்தது. பழகாத இடத்தில் ஊர் சொன்னதையே அவரும் திருப்பிச் சொன்னார்.

வெளியாரின் உறவு எதற்கு என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறோம். கலக்காதே, சேர்ந்து உண்ணாதே, பெண் கொடுக்காதே, பக்கத்தில் உட்காராதே என்பதுதான் சாதியின் சட்டம். சாதி மறுத்துக் காதலித்த பிள்ளைகளை வெட்டிக் கொல்வதும் அதே சட்டத்தின் பெயரால்தான். நாமும் நமக்குள் கதவைச் சாத்திக்கொண்டால் அந்தச் சட்டத்தைத்தான் நிறைவேற்றுகிறோம். அதே சமயம், தலை குனிந்து ஏற்கும் உறவு எதையும் பிறப்பிக்காது. பண்டிதர் தம் கேள்வியோடும் தம் மொழியோடும் போய், சரிசமமாக உட்கார்ந்தார். அதனால்தான் அவர் திரும்பி வந்தபோது கையில் புதியதாக ஒன்று இருந்தது.

1914க்குப் பிறகு தமிழ்நாடு அவரை நெடுங்காலம் மறந்தது. தங்கவயல் தோழர்கள் ‘தமிழன்’ இதழை 1926இல் மீண்டும் கொண்டுவந்து சில ஆண்டுகள் காத்தனர். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய சிந்தனைகளைப் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999 முதல் வெளியிட்ட பிறகே புதிய தலைமுறை அவரைப் படித்தது. இன்று தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் இருக்கிறது.

இந்த மே மாதத்தில் அவருடைய படத்துக்கு மாலை போடுவோம். போட்ட கையோடு, நம் மாவட்டத்தில் யாரோடு இதுவரை உட்கார்ந்து பேசவில்லை என்று ஒரு கணக்கும் எடுப்போம். பக்கத்துத் தெரு அருந்ததியர் குடும்பங்கள், 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள், இருளர், குறும்பர் ஊர்கள். அடுத்த படிப்பு வட்டத்தை அவர்களில் ஒருவர் வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளலாம், அவர்கள் அழைத்தால். நம் வீட்டுக்கு முதலில் நாம் அழைப்போம்.