காவலாய் வந்த நஞ்சு

கடற்கரை மணலிலும் கருங்கற் பாறையிலும் சிலிக்கன் என்னும் மூலகம் ஒட்சிசனோடு கூடி ஊழிதோறும் அழியாது கிடக்கின்றது. அதே சிலிக்கன் ஐதரசனோடு கூடுமாயின், வளி பட்ட கணத்திலேயே தீப்பற்றி மறையும் இயல்பினதாகின்றது. கைக்கெட்டாத அச்சேர்வைகளை ஒழுங்குறப் பிரித்தெடுத்து, அவற்றின் இயல்பை உலகிற்கு உணர்த்தியவர் ஜேர்மானிய இரசாயன அறிஞர் அல்பிரட் ஸ்ரொக் ஆவர்.

இவர் 1876 ஆம் ஆண்டில் டான்சிக் நகரிற் பிறந்தார். பேர்லினில் எமில் பிஷரின் ஆய்வுகூடத்திற் பயின்று, பின்னர்ப் பாரிசு சென்று ஆன்றி மொய்சானிடம் ஓராண்டு பணிபுரிந்தார். 1909 இல் பிரெசுலோவிற் பேராசிரியரானார். அங்கேதான் போரன், சிலிக்கன் ஆகியவற்றின் ஐதரைட்டுகளை ஆராயத் தொடங்கினார்.

சிலிக்கன் ஐதரைட்டை வூலரும் பூவும் 1857 இலேயே கண்டிருந்தனர். எனினும் அவர்கள் பெற்றது தூயதன்று. ஸ்ரொக், மகனீசியம் சிலிசைட்டை அமிலத்தில் இட்டு எழுந்த வாயுக் கலவையைத் திரவ வளியின் குளிரால் உறைவித்தார். அதனை வளி அணுகாத கண்ணாடிக் குழாய்களுள் வைத்து, வெற்றிடத்திற் சிறிது சிறிதாக ஆவியாக்கினார். ஒவ்வொரு சேர்வையும் தனக்குரிய வெப்பநிலையிற் பிரிந்து வந்தது. முதலாவதன் கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழ் 112 பாகை. சிலிக்கன் அணுக்கள் ஒன்று முதல் நான்கு வரை தொடர்ந்த சேர்வைகளைச் சொமியெசுக்கியுடன் சேர்ந்து ஆராய்ந்து, 1916 இல் வெளியிட்டார். சிலேன் என்னும் பெயரும் அவர் வழங்கியதே.

குழாய்களை அடைத்துத் திறக்கும் வாயில்களிற் கொழுப்புப் பூசினால் அஃது அச்சேர்வைகளை உறிஞ்சிக் கெடுத்துவிடும். ஆகவே வாயில்களுக்கு இரசத்தையே கொண்டார். பம்பிகளிலும் அமுக்கமானிகளிலும் இரசமே நிறைந்திருந்தது. வளியினின்று சேர்வைகளைக் காத்த அவ்விரசம், தன் ஆவியால் அவற்றை ஆக்கியோனையே அரித்தது.

ஏறத்தாழக் கால் நூற்றாண்டாகத் தலைவலியும் மயக்கமும் அவரை வருத்தின. செவிப்புலன் மங்கிற்று. நினைவாற்றல் தளர்ந்தது. கற்றதே செல்வமாகக் கொண்ட அறிஞர்க்கு இதனினும் கொடிய இழப்பு யாதுளது? மருத்துவம் பல செய்தும் பயனில்லை. 1924 இலேயே நோயின் காரணம் இரச ஆவி என்பது புலப்பட்டது. உடன் உழைத்தோரும் அவ்வாறே துன்புற்றமை தெரியவந்தது.

தம் குறையை அவர் மறைத்தாரல்லர். 1926 இல் தம் நோயின் வரலாற்றை விரிவாக எழுதி, ஏனைய ஆய்வாளர்களை எச்சரித்தார். ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைந்த இரசத்தை அளக்கும் முறைகளை வகுத்தார். ஆய்வுகூடங்களிற் காற்றோட்டம் வேண்டுமென்றும் சிந்திய இரசத்தை உடனே அகற்றவேண்டுமென்றும் வற்புறுத்தினார். பல்லடைக்கும் இரசக் கலவையையும் ஐயுற்று ஆராய்ந்தார்.

1926 முதல் 1936 வரை கால்சுரூவிற் பேராசிரியராக விளங்கிய ஸ்ரொக், போரால் நாடு சிதைந்த பின்னர், 1946 இல் மறைந்தார்.

இன்று சிலேன் வாயுவை வெப்பத்தாற் சிதைத்து மிகத் தூய சிலிக்கனைப் பெறுகின்றனர். மின்னணுக் கருவிகளுக்கும் ஞாயிற்றொளியை மின்னாக்கும் தகடுகளுக்கும் அது பயன்படுகின்றது. தீப்பற்றி மறையும் சேர்வையே நிலைத்த பொருளுக்கு வித்தாயிற்று. அவ்வித்தைத் தந்தவர் கொடுத்த விலையையும் மாணவர் அறிதல் வேண்டும். ஆய்வுகூடத்தில் ஒரு துளி இரசம் சிந்தியவிடத்து அதனைப் பொருட்படுத்தாது செல்லாமையே, அவருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றியாகும்.