இராவணனைப் பாட்டுடைத் தலைவனாக்கிய புலவர்

கம்பனில் ஊறிய நெஞ்சோடு இராவண காவியத்தை எடுப்பவர்க்கு முதலில் ஒரு தடுமாற்றம் நேரும். வழிவழியாகத் தீயோன் எனக் கேட்டுவந்தவன் அங்குத் தன்னிகரில்லாத் தலைவன். நாம் போற்றிய இராமனோ வஞ்சகன். ஆய்வு மாணவியாய் அதனைப் பயின்ற நாளில், இரண்டு நூல்களையும் ஒரே மேசையில் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதனை இயற்றிய புலவர் குழந்தை, 1906ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், ஈரோட்டுப் பகுதியின் ஓலவலசு என்னும் சிற்றூரில் வேளாண்குடியிற் பிறந்தார். திண்ணைப் பள்ளியில் தொடங்கிய கல்வியைத் தம் முயற்சியாலேயே வளர்த்து, 1934இல் வித்துவான் பட்டம் பெற்றார். பவானி உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியராக விளங்கினார். பெரியாரின் தன்மதிப்புக் கொள்கை அவரை ஆட்கொண்டது.

1943இல் கம்பராமாயணத்தை எரிக்கலாமா என்பது பற்றி அண்ணா ஒருபுறமும், ரா. பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் மறுபுறமுமாக மேடைகளில் சொற்போர் நிகழ்ந்தது. குழந்தை தேர்ந்தது வேறு வழி. காப்பியத்துக்கு விடை காப்பியமே எனக் கொண்டார். ஐந்து காண்டங்கள், 57 படலங்கள், 3100 விருத்தங்கள்! 1946இல் நூல் வெளிவந்தது; அண்ணா முன்னுரை வழங்கினார். 1948இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு அதனைத் தடைசெய்தது.

மில்டனின் சாத்தானையும், 1861இல் மதுசூதன தத்தர் வங்கமொழியில் பாடிய மேகநாதனையும் இதனோடு சேர்த்தெண்ணுவது வழக்கம். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. மில்டன் சாத்தானின் தீமையை மறைக்கவில்லை. அத்தீமையினூடே அவன் பெருமிதத்தைக் காட்டினார். குழந்தையோ இராவணனின் குற்றம் முழுவதையும் துடைத்துவிட்டார். தங்கை காமவல்லிக்கு நேர்ந்த கொடுமையே அவன் சீதையைக் கவரக் காரணம் ஆயிற்று. சீதையை அவன் தங்கையெனப் பேணுகிறான். மனைவி வண்டார்குழலியோடு அவன் நடத்தும் இல்லறம் சங்க அகப்பாடலின் சாயலுடையது. இங்குதான் எனக்கு மனக்குறை. கம்பனின் இராவணன் தன் நெஞ்சோடு போராடி வீழ்கிறான். குழந்தையின் இராவணனுக்கு அப்போராட்டமே இல்லை. தீயோனைக் காக்கப் புகுந்தவர், அவனை இன்னொரு மாசற்ற நாயகனாக்கி, அவன் ஆழத்தைக் குறைத்துவிட்டாரோ? சிட்லபாக்கத்தில் நம் வட்டம் கூடிய மாலையொன்றில் இதைச் சொன்னபோது, மூத்த கவிஞர் ஒருவர் கடிந்துகொண்டார்: பழிக்கப்பட்ட குலத்தின் சார்பில் வழக்காடுபவனிடம் நடுநிலை கேட்பது முறையா என்றார். அவர் கேள்விக்கு இன்றும் என்னிடம் நிறைவான விடை இல்லை.

எனினும், தமிழகக் காண்டத்தின் ஐந்திணை வளத்தைப் படித்தவர் எவரும் அவர்தம் யாப்புத் திறத்தை மறுக்கார். நூல் முடங்கிக் கிடந்த ஆண்டுகளிலும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. திருக்குறள் குழந்தையுரை 1949இல் வந்தது. யாப்பதிகாரமும் தொடையதிகாரமும் செய்யுள் பயில்வோர்க்குக் கைவிளக்காயின. காவியத்தின் பெயர் கேட்டதும் முகஞ்சுளிப்பவர் சிலரும், வெண்பாவிற் தளை தட்டும்போது அவருடைய யாப்பதிகாரத்தையே புரட்டுவதைக் கண்டிருக்கிறேன்.

1971இல் கலைஞர் அரசு தடையை நீக்கியது. இருபத்துமூன்று ஆண்டுகள் பூட்டிக் கிடந்த தம் நூல் மீண்டும் மக்கள் கைக்கு வருவதைப் புலவர் கண்டார். மறு ஆண்டே, 1972இல், அவர் மறைந்தார்.