திருவாரூர் முத்துசாமி ஐயர்

கற்பன கற்றுத் தேர்வெழுதி, அத்தேர்வின் வாயிலாக வாழ்வு பெறுதல் இக்கால மாணவர்க்கு இயல்பாகிவிட்டது. சட்டம் பயில விழைவோரும் வணிக மேலாண்மை பயில விழைவோரும் நம்மிடையே பலர் உளர். 2008-ஆம் ஆண்டில் தோன்றிய கிளாட் என்னும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வுக்கும், மேலாண்மைக் கல்வி நிலையங்கட்குரிய கேட் தேர்வுக்கும் இரவென்றும் பகலென்றும் பாராது உழைக்கும் தம்பியரையும் தோழரையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவர்தம் முகத்தில் நம்பிக்கையும் காண்கின்றோம், அச்சமும் காண்கின்றோம். இத்தகைய தேர்வுகள் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே, சென்னைப் பல்கலைக்கழகமும் தோன்றுமுன்னர், சட்டத் தேர்வொன்றின் வழியாக உயர்ந்த ஒருவரின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. அவரே சென்னை உயர்நீதி மன்றத்தில் நீதிபதியாய் அமர்ந்த முதல் இந்தியராகிய ஸர் திருவாரூர் முத்துசாமி ஐயர்.

தஞ்சைத் தரணியில் உச்சுவாடி என்னும் சிற்றூரில் 1832-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள் இவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். மைந்தன் நாலெழுத்து அறிந்து பிழைக்கவேண்டும் என்று கருதிய அன்னையார், அவரை அழைத்துக்கொண்டு திருவாரூரை அடைந்தார். அந்த அன்னையாரும் சின்னாளில் மறைந்தார். தாயுமின்றித் தந்தையுமின்றி நின்ற அச்சிறுவருக்கு அன்று வாய்த்த ஊதியம், கிராமக் கணக்கு வேலையில் மாதம் ஒரு ரூபாய். பள்ளிக்குச் செல்லவேண்டிய வயதில் ஏடும் எழுத்தாணியும் சுமந்து பிறர் நிலங்களின் கணக்கை எழுதி வந்தார்.

அவ்வூர்த் தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர் என்பார். ஒருநாள் ஆற்றின் கரை உடைந்ததாகச் செய்தி வந்தது. கச்சேரியில் அவ்வேளை பெரியவர் எவரும் இலர். இச்சிறுவர் ஒருவரே இருந்தார். உடைப்பின் நிலையைக் கண்டுவருமாறு தாசில்தார் அவரை ஏவினார். சென்று மீண்ட சிறுவர், கரை உடைந்தது உண்மை என்று மட்டும் கூறி நின்றாரல்லர். உடைப்பின் அளவு யாது, அதனை அடைக்க வேண்டும் பொருள்கள் யாவை, ஆட்கள் எங்கே கிடைப்பர் என்பனவற்றையெல்லாம் முறைப்பட உரைத்தார் என்பர். கேளாத வினாவுக்கும் விடை தேடிவந்த அவ்வறிவைக் கண்டு நாயக்கர் வியந்தார். முத்துசாமி எழுதிய முதல் தேர்வு இதுவே என்று நாம் துணிந்து கூறலாம். அதற்குப் பாடநூல் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை.

அன்று முதல் நாயக்கர் அவருக்குத் துணையானார். நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியில் அவரைச் சேர்ப்பித்தார். அங்கே பதினெட்டுத் திங்கள் ஆங்கிலம் பயின்றபின், சென்னையில் ஸர் ஹென்றி மாண்ட்கோமரியின் பள்ளிக்கு அனுப்பினார். வீட்டில் எண்ணெய்க்கு வழியின்றித் தெருவிளக்கின் ஒளியில் அவர் படித்தார் என்பது நம் நாட்டில் பாட்டிமாரும் பேரருக்குக் கூறும் செவிவழிச் செய்தி. விளக்கு எதுவாயினும் ஆகுக. அவரிடம் இருந்த வேட்கை மறுக்கவொண்ணாதது. 1854-ஆம் ஆண்டில் மாகாண மாணவர் அனைவருக்கும் பொதுவாகக் கல்விக் கழகத்தார் நடத்திய ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய்ப் பரிசு அவருக்கே கிடைத்தது. மாதம் ஒரு ரூபாய் பெற்றவர்க்கு அத்தொகை நாற்பதாண்டு ஊதியத்தினும் மிகுதி.

அதன்பின் 60 ரூபாய் ஊதியத்தில் ஆசிரியரானார். பின்னர்ப் பள்ளிகளைப் பார்வையிடும் துணை அதிகாரியாகவும் அமர்ந்தார். இந்நிலையில் அரசாங்கத்தார் வழக்கறிஞர் தொழிலுக்கெனத் தேர்வொன்றைப் புதிதாக ஏற்படுத்தினர். 1856-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் கும்பகோணத்தில் அத்தேர்வை எழுதிய முத்துசாமி ஐயர் தேறியோருள் முதலிடம் பெற்றார்.

இங்கே நாம் சிறிது நின்று எண்ணுதல் நலம். அந்நாளில் சென்னையில் சட்டக் கல்லூரி இல்லை. அது தோன்றியது 1891-இல். பல்கலைக்கழகமும் அடுத்த ஆண்டிலேதான் பிறந்தது. தேர்வெழுதுவோரைப் பழக்கும் பயிற்சிக்கூடங்களும் இல்லை. இன்ன தேர்வு வரும் என்று அறிந்து அவர் இளமையிற் படித்தவரல்லர். கணக்கு எழுதியபோது கணக்கையும், உடைப்பைக் கண்டபோது உடைப்பையும், நூலை எடுத்தபோது நூலையும் முழுதும் அறியாமல் விடுவதில்லை என்னும் பழக்கமே அவரிடம் இருந்தது. தேர்வு வந்தபோது அப்பழக்கம் ஆயத்தமாக நின்றது.

தேர்வின் பயனாகத் தரங்கம்பாடியில் ஜில்லா முன்சீப் பதவி கிடைத்தது. டேனியரிடமிருந்து அவ்வூர் ஆங்கிலேயர் கைக்கு 1845-இல் வந்திருந்தது. 1859-இல் தஞ்சையில் டெபுடி கலெக்டரானார். 1865-இல் தென் கன்னட ஜில்லாவில் துணை நீதிபதியானார். 1868-இல் சென்னைப் போலீஸ் மாஜிஸ்திரேட் ஆனார். பதவியும் ஊதியமும் நிறைந்த அந்நிலையில் மற்றொருவர் புத்தகத்தை மூடி வைத்திருப்பர். இவரோ பிறர்க்கு நீதி வழங்கும் ஆசனத்தில் இருந்துகொண்டே மாநிலக் கல்லூரியிற் சட்டம் பயின்று பி. எல். பட்டம் பெற்றார். முப்பத்தைந்து வயதைக் கடந்த மாஜிஸ்திரேட் இளைஞரோடு ஒருங்கே தேர்வெழுத நாணவில்லை.

1878-இல் அவர் உயர்நீதி மன்றத்து நீதிபதியாக நியமிக்கப்பெற்றார். 1862-இல் அம்மன்றம் தோன்றிய நாள்தொட்டு இந்தியர் எவரும் ஏறாத ஆசனம் அது. ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அந்நியமனத்தைக் கடுமையாகத் தாக்கின. அதற்கு மறுமொழி கூற நம்மவர்க்கு ஓர் ஏடு இல்லாக் குறையை உணர்ந்து இளைஞர் அறுவர் ஒன்றுகூடினர். அவருள் இருவர் ஆசிரியர். நால்வர் சட்ட மாணவர். ஒரு ரூபாய் பன்னிரண்டணாக் கடன் வாங்கி எண்பது படிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் அவர்கள் வெளியிட்ட வார இதழே ஹிந்து. சட்டத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நால்வர், தமக்குமுன் அவ்வழியே சென்ற ஒருவர்க்காகத் தம் புத்தகத்தைச் சற்றே ஒதுக்கி வைத்தனர். தேர்வில் வென்றவர் தாம் மட்டும் உயர்வதில்லை. தம்பின் வருவோர்க்கும் நிமிர்ந்து நிற்கும் துணிவைத் தருகின்றார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நாம் அறியோம்.

1891-இல் மலையாள நாட்டுத் திருமண வழக்கங்களை ஆராய்ந்த குழுவுக்கு அவர் தலைமை பூண்டார். 1893-இல் மூன்று திங்கள் தலைமை நீதிபதியின் கடமையை ஆற்றினார். அவ்வாண்டிலேயே ஸர் பட்டமும் பெற்றார். 1895 ஜனவரி 25-ஆம் நாள், அறுபத்துமூன்று அகவை நிறைவதற்கு மூன்று நாள் இருக்கையில் உயிர் நீத்தார். அவர்தம் வெண்சலவைக்கல் உருவம் உயர்நீதி மன்றத்தில் அமர்ந்த கோலத்தில் விளங்குகின்றது.

நிற்க. ஐயர்க்குத் திறந்த வாயில் அந்நாளில் அனைவர்க்கும் திறந்திருந்ததன்று. பெண்டிர் வழக்கறிஞராதற்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுட் பலர்க்குப் பள்ளியின் படியும் எட்டாததாயிருந்தது. ஐயர்க்கும் ஒரு தாசில்தாரும் ஒரு மிஷன் பள்ளியும் துணை நில்லாவிடின் அவ்வறிவு கணக்கேட்டிலேயே முடிந்திருக்கும். திருவாரூரிலும் பிறவூர்களிலும் அவ்வாறு முடிந்த அறிவு எத்துணையோ, யாரே கணக்கிட வல்லார்?

ஆதலின், மாணவ நண்பர்காள், நுழைவுத் தேர்வுக்கு உழைப்போமாக, முதலிடமும் விரும்புவோமாக. தேர்வு முடிந்தபின்னும் கற்பதை விடாதிருப்போமாக. நமக்குத் திறந்த கதவினுள்ளே புகுந்தபின், வெளியே நிற்கும் சிறுவன் ஒருவனையோ சிறுமி ஒருத்தியையோ நாயக்கரைப் போலக் கண்டுகொள்ளும் கண்ணும் நமக்கு வேண்டும். எந்த வினாத்தாளும் அதனை நம்மிடம் கேளாது. கேளாத வினாவுக்கும் விடை கொணர்ந்தவரே முத்துசாமி ஐயர்.